கறுப்பாய் இருந்த இடம்

தண்ணீர் நிதானமாகப் பேசும்.
காந்தத்தின் நடுவே கிடத்தி
ஒரு தட்டு தட்டினால் போதும்,
மூளையும் ஈரலும்
சாவகாசமாய்த் தம் கதையைச் சொல்லி முடிக்கும்.

தசைநாண் அப்படியில்லை.
ஒற்றை எழுத்து. அதற்குள் வாயடைத்துவிடும்.
நாங்கள் காதைத் திருப்புவதற்குள்
எல்லாம் முடிந்திருக்கும்.
படத்தில் அந்த இடம் கறுப்பு.
அங்கே ஒன்றுமில்லை என்று பொருளல்ல,
வந்தவர்கள் தாமதமாய் வந்தார்கள் என்று பொருள்.

நான் செப்புச் சுருள் கட்டுகிறவள்.
கத்தும் வாயும் அதுதான்,
கேட்கும் காதும் அதுதான்.
கத்திய அதிர்வு அடங்கி
வாய் காதாக மாற
அரை மில்லிசெகண்ட் எடுத்தது.
ஹில்கா ருயோட்சலைனன் கேட்டது
அதில் பத்தில் ஒரு பங்கு.
முடியுமா என்று கேட்கவில்லை அவள்.
எப்போது என்றாள்.

குவோபியோவில் ஏரி இறுகி
மேலே கார்கள் போகத் தொடங்கிய மாதம்
நான் பதினேழு சுருள் கட்டினேன்.
நான்காவது புகைந்தது.
ஒன்பதாவதுக்குக் காது கூர்மை:
தெருக்கோடி டாக்சியின் ரேடியோவும் கேட்டது.
பதினேழாவதைச்
சந்தையில் வாங்கிய பன்றிக்காலில் மாட்டினோம்.
நாண் வெளுத்தது!
வெளுத்ததன் குறுக்கே
யாரோ ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினோம்.
பல்பைக் கழற்றினோம்.
கதவோரத்துச் செப்புப் பற்களை
ஒவ்வொன்றாய்ச் சாராயம் தொட்டுத் துடைத்தோம்.
லிஃப்டை நிறுத்தி
இதயநோய்ப் பிரிவில் திட்டு வாங்கினோம்.
கோடு சில இரவுகளில் வரும்,
சில இரவுகளில் வராது.
வராத இரவுகளில்
ஹில்காவுக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

கண்டுபிடித்தவர் தைஸ்தோ பக்கனன்,
கட்டடக் காவலாளி.
(பக்கனன் என்றால் அவர்கள் மொழியில் கடுங்குளிர்.)
சுவரில் ஒட்டியிருந்த எங்கள் தேதிகளைப் பார்த்து,
"இதெல்லாம் பனி விழுந்த ராத்திரி" என்றார்.

வாசல் சரிவின் கல்லுக்கடியில்
பனி உருக்கும் மின்கம்பி.
பனி விழுந்தால் தானே விழித்துக்கொள்ளும்.
அது விழித்தால்
எங்கள் செப்பறைக்குள் ஏதோ ஓட்டை வழியே
அதன் முணுமுணுப்பு.

ஓட்டையை அடைக்க
ஆறு வாரம் ஆகும் என்றது நிர்வாகம்.
தைஸ்தோ ஒன்றும் சொல்லவில்லை.
வியாழன் இரவுகளில் கம்பியை அணைத்துவிட்டு
மண்வாரியை எடுத்தார்.
நாங்கள் ஸ்கேன் செய்யும் நான்கு மணி நேரமும்
சரிவில் பனி தங்கவிடவில்லை.
உள்ளே இயந்திரத்தின் டக்டக்டக்,
வெளியே அவருடைய சரக், சரக்.
இடைவெளியில் அதுமட்டும் கேட்கும்.

மார்ச்சில் அவரையே படுக்கவைத்தோம்.
சாவிக்கொத்து, பெல்ட்,
பல்செட் வரை கழற்றி வைத்துவிட்டு,
பொக்கை வாயால் கேட்டார்:
"இதற்கு என் வயசு தெரியுமா?"
வலது குதிகால்.
இருபது வருடமாகக் காலையில் முதல் பத்து அடி
நொண்டுகிற கால்.

இருட்டிலிருந்து ஒரு சாம்பல் கயிறு எழுந்தது.
இழை இழையாய்.
நடுவே, எலும்பில் சேருமிடத்துக்குச் சற்று மேலே,
முறுக்கவிழ்ந்த ஒரு திட்டு.
கோடு இல்லை.
ஹில்கா திரையைத் தொடப்போய்
கையை இழுத்துக்கொண்டாள்.
"இரைச்சல் இன்னும் அதிகம்" என்றாள்.
உண்மைதான். மணல் தூவியதுபோல் இருந்தது.
ஒரு குதிகாலை வைத்து
யாரும் எதையும் சொல்லிவிட முடியாது.
இன்னும் நாற்பது பேர் வேண்டும்,
பன்றிகள் தனி.

தைஸ்தோ பல்செட்டைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
"இதற்கா அவ்வளவு பனி அள்ளினேன்?"
பிறகு,
"அந்தத் திட்டு. அங்கேதான். சரியாக அங்கேதான்."

டாக்டர்கள் முன்பு
கறுப்பைக் காட்டி அவரிடம்
ஒன்றுமில்லை என்றிருந்தார்கள்.

மணி பார்த்தார்.
சரிவில் இரண்டு அங்குலம் சேர்ந்திருக்கும் என்று
முதல் பத்து அடி நொண்டி,
பிறகு சரியாக நடந்து போனார்.
நான் பதினெட்டாவது சுருளுக்குச்
செப்புத் தகட்டை வெட்டத் தொடங்கினேன்.